கெராங்கா, கூப்பாங்கா? ஒரே கடல், இரண்டு உடம்பு

ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் இரண்டு கூடைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் சேறு அப்பி, வரிவரியாய்ப் பள்ளம் விழுந்த கெராங் என்னும் சேற்று மட்டி. இன்னொன்றில் ஓரம் பச்சையாய் மின்னும் கூப்பாங், பண்ணையில் கயிற்றில் வளர்க்கும் பச்சைச் சிப்பி. கை தானாகப் பச்சைப் பக்கம்தான் போகும். சேற்றில் கிடந்தது அழுக்கு, கயிற்றில் தொங்கியது சுத்தம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கும் பல வருஷமாய் அதே எண்ணம்தான்.

ஒரு தடவை விருந்துக்கென்று இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினேன். வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. ஈரத் துணியைப் போர்த்தி ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் கூப்பாங்கில் பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடந்தது. தட்டினாலும் மூடவில்லை, நாற்றம் வேறு. கெராங்கோ மூன்றாம் நாள்கூட கரண்டி பட்டதும் டக்கென்று ஓட்டை மூடிக்கொண்டது.

காரணம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. சிப்பி வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ரத்தம் நிறமில்லாதது. கெராங்குக்கோ நமக்கு இருப்பதுபோல ஹீமோகுளோபின் உண்டு. வேகாத கெராங்கைப் பிளந்தால் கையில் சிவப்பாய் ஒட்டுவது அதுதான். கடல் வற்றி, சேற்றுத் திட்டு வெயிலில் காயும் நேரத்திலும், பிராணவாயு குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கப் பிறந்த உடம்பு அது. கூப்பாங்குக்கு அந்தப் பழக்கம் குறைவு. பண்ணையில் அது பெரும்பாலும் எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே தொங்குகிறது. 26 முதல் 32 டிகிரி வரை சூடு, நல்ல உப்பு, ஓடுகிற நீர், இவை இருந்தால் ஆறேழு மாதத்தில் விற்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். சூடு ஏறினாலோ, மழை வெள்ளம் உப்பைக் குறைத்தாலோ முதலில் தளர்வது அதன் பிடிதான். கயிற்றைப் பற்றியிருக்கும் நார்களைக் குறைவாகவும் மெல்லிசாகவும் சுரக்கும். அலை கொஞ்சம் பலமாய் அடித்தால் கொத்தோடு உதிர்ந்துபோகும்.

ஆராய்ச்சியாளர்கள் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு இடத்துக் கூப்பாங்குகளைத் தண்ணீரைவிட்டு எடுத்து வைத்து, எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவார்கள். அசுத்தக் கடலில் வளர்ந்தது சீக்கிரம் சாகும். நான் ஐஸ்பெட்டியில் தெரியாமல் செய்ததை அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்போ கெராங்தான் ஜெயித்ததா? இல்லை. தாங்கும் உடம்பு இருப்பதே அதற்கு வினை.

பினாங்கில் ஜூரு ஆற்றுப் பக்கம் இருக்கும் என் தாய்மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டார். “மாப்பிள்ளை, கயித்துல தொங்குறத அவுத்து வேற எடத்துக்குக் கொண்டுபோயிடலாம். சேத்துல வெதச்சத எங்க கொண்டுபோவ?” கெராங் குஞ்சுகளை ஆற்றுமுகத்துச் சேற்றில்தான் விதைக்கிறார்கள். ஆறு எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் அதன்மேல்தான் விழும். 1970-களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஜூரு ஆற்றில் இறங்கி, கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அந்தக் கிராமத்துக்காகக் குரல் கொடுத்ததைப் பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். மாமாவுக்கும் அது நேரில் பார்த்த கதை.

கழிவு வரும்போது கெராங் செய்வது ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடிக்கொள்ளும். மூடியிருக்கும்வரை பிழைக்கும். ஆனால் தின்னாது, வளராது, உள்ளே தன் கழிவையே சேர்த்துக்கொண்டிருக்கும். மழைக்காலம் நீண்டால், வண்டல் மூடினால், அமோனியா ஏறினால் அந்தப் பொறுமையும் ஒருநாள் தீர்ந்துபோகும். மலேசியாவின் கெராங் விளைச்சல் 2010-ல் 78,000 டன் அளவில் இருந்தது, 2016-ல் சுமார் 10,000 டன்னுக்கு வந்துவிட்டது. விதைக்கக் குஞ்சு கிடைக்காததும் ஒரு காரணம். குவே தியாவ் என்ற அரிசி நூடுல்ஸ் தட்டில் கெராங்கை எண்ணிப் போடுகிற அளவுக்கு விலை ஏறியது இதனால்தான். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

சரி, தின்கிற நமக்கு எது பரவாயில்லை? என் கணக்கு, நெருப்பு எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதுதான்.

கெராங்கில் பெரிய பயம் கிருமி. 1988-ல் ஷாங்காயில் இதே இனத்துச் சொந்தக்கார மட்டியை அரைவேக்காட்டில் தின்று ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை வந்தது. அந்தக் கிருமியை ஒழிக்கச் சதைக்குள் 90 டிகிரி சூடு ஒன்றரை நிமிஷம் நிற்க வேண்டும். நம் கடைகளில் கெராங் சட்டியில் இருப்பது கடைசிச் சில நொடிகள். அது ரத்தத்தோடு இருந்தால்தான் ருசி என்று நாமே கேட்டு வாங்குகிறோம்! ஆனால் நன்றாக வேகவைத்தால் இந்தப் பயம் தீர்ந்துவிடும்.

கூப்பாங்கின் பயம் வேறு. அது மணிக்கு லிட்டர் கணக்கில் கடல்நீரை வடிகட்டும் பிராணி. நச்சுப் பாசி பெருகிய நாளில் அந்த நஞ்சையும் வடிகட்டிச் சதையில் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பெரிதாய் ஒன்றும் ஆகாது, நம் உதடு மரத்துப்போகும், முற்றினால் மூச்சே நிற்கும். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் கடல் கூப்பாங்கைத் தின்றவர்கள் மருத்துவமனைக்குப் போனது இப்படித்தான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. கிலோவுக்கு 0.8 மில்லிகிராம்தான் உலக வரம்பு. கண்ணாலோ நாக்காலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடம் சொன்னால்தான் உண்டு. மீன்வளத் துறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நஞ்சு குறைந்துவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகு தின்னலாம்.

காட்மியம் மாதிரி உலோகம் இரண்டிலும் சேரும். அதற்கு நெருப்பும் உதவாது, சுத்த நீரில் ஒன்றிரண்டு நாள் போட்டு வைக்கும் பழக்கமும் உதவாது. அந்த நீர்த்தொட்டி பாக்டீரியாவைக் கழுவிவிடும், உலோகத்தையும் பாசி நஞ்சையும் கழுவாது. ‘தொட்டியில் போட்டது’ என்று ஐந்து வெள்ளி கூட்டி விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாகத் திராம் என்னும் ஆயிஸ்டர் சிப்பி இருக்கிறது. பச்சையாய் எலுமிச்சை பிழிந்து விழுங்குகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் எப்படியும் கேட்கமாட்டார்கள்.

என் வீட்டில் இப்போது நடப்பது இது. பாசி எச்சரிக்கை இல்லாத வாரம் கூப்பாங், அன்றைக்கே சமையல். வேகும்முன் வாய் மூடாததையும் வெந்தபின் திறக்காததையும் தூக்கிப் போடுவேன். கெராங் எப்போதாவது, மிளகு ரசம்போல ஒரு கொதியில் பத்து நிமிஷம். பெரிய மழை அடித்த வாரத்தில் இரண்டும் இல்லை.

வெளியே சாப்பிடும்போதுதான் சிக்கல். போன வாரம் குவே தியாவ் கடை அங்கிளிடம், கெராங்கை முதலிலேயே போட்டு நன்றாக வதக்கச் சொன்னேன். கரண்டியை நிறுத்தாமலே என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஜாடி கெத்தா லா,” ரப்பராகிவிடும் என்றார். வதக்கிக் கொடுத்தார். ரப்பராகத்தான் இருந்தது. தின்றேன்.