பழைய ஆன்டிவைரஸை வேரோடு எடுக்க: ஃபார்மட்டா, நீக்கும் கருவியா?

சந்தா முடிந்துபோன ஆன்டிவைரஸை ஒரு பழைய கணினியிலிருந்து முழுசாக எடுக்க நான்கு வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் செய்யலாம். ரெவோ மாதிரியான வெளி மென்பொருளை வைத்துத் துடைக்கலாம். அந்த ஆன்டிவைரஸைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை, விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றிக்கொண்டு எழும் சேஃப் மோடில் ஓட்டலாம். இல்லையென்றால் விண்டோஸையே ஃபார்மட் அடித்துப் புதிதாக ஏற்றலாம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு நான் மூன்றாவது வழியைத்தான் எடுத்தேன். பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை என்று இந்தக் கடலோரத்தில் பழைய கணினியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் யார் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

எங்களுடையது விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், சுழலும் வகைப் பழைய ஹார்ட் டிஸ்க். ஆன்டிவைரஸ் கணினி வாங்கும்போதே சேர்ந்து வந்தது. சந்தா முடிந்த பிறகு பாதுகாப்பும் தரவில்லை, இடத்தையும் விடவில்லை. காலையில் கணினியைப் போட்டால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்திலேயே நின்றது. ஆதார் நகல் கேட்டு வந்தவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார், ஸ்கேனர் சாளரம் திறக்காது.

எதையும் நீக்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நம் பக்கம் உப்புக்காற்று. ரேமின் தங்க முனைகளில் கறை பிடிக்கும், ஃபேனில் ஈரமும் தூசியும் சேர்ந்து அப்பிக்கொள்ளும், ஹார்ட் டிஸ்க்கும் வயசாகிக்கொண்டே இருக்கும். கணினி மெதுவாக ஓடுவதற்கு ஆன்டிவைரஸ்தான் காரணமா, இரும்புதானா என்று முதலில் தெரிய வேண்டும். டிஸ்க்கிலிருந்து டக்டக்கென்று சத்தம் வந்தால் மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் ஃபைல்களை நகல் எடுங்கள்.

கண்ட்ரோல் பேனல் வழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வழியில் போவதென்றாலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சிலவற்றில் நீக்கும்போதே கேள்வி கேட்கும். குவிக் ஹீல், முழுசாக நீக்கவா, வைரஸ் விவரக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். முழுசாக என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமைப்பில் யாராவது கடவுச்சொல் போட்டு வைத்திருந்தால் அது இல்லாமல் நகராது. ஆன்டிவைரஸுக்குள்ளேயே கடவுச்சொல் பெட்டகம் இருந்து, அதில் எதையாவது சேமித்திருந்தால் நீக்கும் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். முடித்ததும் ரீஸ்டார்ட். பல கணினிகளில் வேலை இதோடு முடிந்தும் போகும்.

முடியாமல் போகிற கணினிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நான்கு வழிகளில் எதை எடுப்பது என்பதை என்னைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான் தீர்மானிக்கிறது: நீக்கிய பிறகு அடியில் என்ன மிச்சம் இருக்கிறது?

வேர்ட், ஃபோட்டோஷாப் போன்றவை விண்டோஸுக்கு மேலே உட்கார்ந்து ஓடுகிறவை. எடுத்துவிட்டால் போய்விடும். ஆன்டிவைரஸ் விண்டோஸின் அடிமடியில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் அந்தக் கோரிக்கை ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் முன்பே அதை மறித்துப் பார்க்க ஃபில்டர் டிரைவர் என்ற ஒரு சிறு நிரலை அது வைத்திருக்கும். நெட்வொர்க்கிலும் இப்படி ஒன்று இருக்கலாம். வங்கித் தளங்களின் பூட்டுப் போட்ட இணைப்பையும் சோதிக்கிற வகை என்றால், தன் பெயரில் ஒரு சான்றிதழையும் விண்டோஸில் ஏற்றி வைத்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் நீக்குவது நம் ஊர்க் கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிடுவது மாதிரி. மேலே வெட்டவெளியாகத் தெரியும், வேர் உள்ளேயே கிடக்கும். நீக்கும் வேலை பாதியில் நின்றிருந்தாலோ, மின்சாரம் போய்விட்டாலோ, பழைய பதிப்பின் மேலேயே புதிய பதிப்பை மாற்றி மாற்றி ஏற்றியிருந்தாலோ இந்த மிச்சம் தங்கிவிடும்.

மிச்சம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து fltmc filters என்று நடுவே ஓர் இடம் விட்டு அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே Altitude என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் இருக்கும். அந்த டிரைவர் அடுக்கில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஆன்டிவைரஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருக்கும் உயரம் 320000-க்கும் 329999-க்கும் இடைப்பட்டது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் சொந்த டிரைவர் 328010-இல் நிற்கும். அந்த வரம்புக்குள் டிஃபெண்டரைத் தவிர வேறு பெயர் தெரிந்தால், நீங்கள் நீக்கிவிட்டதாக நினைத்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். மற்ற உயரங்களில் நிற்கும் பெயர்களில் பெரும்பாலானவை விண்டோஸுடையவை, அவற்றைத் தொட வேண்டாம். எங்கள் கணினியில் கண்ட்ரோல் பேனலில் நீக்கி ரீஸ்டார்ட் செய்த பிறகும் அந்தப் பெயர் அப்படியே நின்றது. கணினி வேகமாகாததற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

மிச்சத்தால் இன்னொரு கேடும் உண்டு. வேறு ஆன்டிவைரஸ் ஒன்று பதிவாகி இருக்கும்வரை டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். பழையது சுத்தமாகப் போனால்தான் அது தானாக எழுந்து வேலையைக் கையில் எடுக்கும். பதிவு மட்டும் நீங்காமல் கிடந்தால் பழையதும் காக்காது, டிஃபெண்டரும் எழாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் செட்டிங்ஸ் போய், மேனேஜ் ப்ரொவைடர்ஸ் என்பதைத் திறந்தால் யார் பெயர் பதிவில் இருக்கிறது என்று தெரியும்.

மிச்சம் தெரிந்ததும் டிரைவர் ஃபைலைத் தேடிப் பிடித்துக் கையால் அழித்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், கீபோர்டு, டிஸ்க் போன்றவற்றின் பதிவில் இன்னின்ன ஃபில்டரை ஏற்று என்று ஒரு வரி இருக்கலாம். வரி அப்படியே இருந்து ஃபைல் மட்டும் காணாமல் போனால் அந்தச் சாதனமே வேலை செய்யாது. கீபோர்டு செத்துப்போவதும் விண்டோஸ் ஏறாமல் நீலத்திரையில் நிற்பதும் இப்படித்தான் நடக்கின்றன.

இந்த அளவுகோலில் ரெவோ எங்கே நிற்கிறது? அது முதலில் ஆன்டிவைரஸின் சொந்த அன்இன்ஸ்டாலரை ஓட்டும், பிறகு மீதிக் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி வரிகளையும் தேடிக் காட்டும். சாதாரண மென்பொருளுக்கு அருமையான கருவி. ஆனால் ஆன்டிவைரஸ் தன்னைக் காத்துக்கொள்ளும் டிரைவரோடு ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியாள் கை வைத்தால் மறுத்துவிடும். காட்டும் பட்டியலில் எதை அழிக்கலாம் என்று முடிவெடுக்கும் பொறுப்பும் நம் தலையில்தான் விழும். ஆன்டிவைரஸுக்கு நான் இதை அதிகம் பயன்படுத்தியதில்லை. நன்றாகக் கைவந்தவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் சாயும் பக்கம். தன் டிரைவர் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது, எந்த வரியை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பது அதை எழுதியவனுக்குத்தான் தெரியும். அதனால் பெரிய நிறுவனங்கள் பலவும் தனியாக ஒரு நீக்கும் கருவியை இலவசமாகத் தருகின்றன. மெக்காஃபியின் எம்சிபிஆர், அவாஸ்டின் அவாஸ்ட் கிளியர், காஸ்பர்ஸ்கியின் காவ்ரிமூவர், ஈசெட் அன்இன்ஸ்டாலர், நார்ட்டனின் ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால் எல்லாம் இந்த வகை. நார்ட்டன் கருவி நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றப் பார்க்கும். அட்வான்ஸ்டு பகுதிக்குள் போய் நீக்க மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெக்காஃபி, காஸ்பர்ஸ்கி கருவிகள் படத்தில் தெரியும் எழுத்தை அடிக்கச் சொல்லும். ஈசெட் கருவி நெட்வொர்க் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடக்கூடும் என்று அந்த நிறுவனமே எச்சரிக்கிறது. கடையில் ஐபி எண்ணைக் கையால் போட்டிருந்தால் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரங்களை நம்பி எடுத்தால் இருப்பதை நீக்கப் போய் வேறொன்றை ஏற்றிக்கொண்டு வருவோம். சேஃப் மோடில் இணையம் இருக்காது என்பதால் முன்பே இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேஃப் மோடுக்கு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைத் தட்டி, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், திரும்ப ஏறும்போது 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். விண்டோஸ் 7-இல் கணினி எழும்போது எஃப்8. சேஃப் மோடில் விண்டோஸ் 10 பின் எண் ஏற்காமல் கடவுச்சொல் கேட்டாலும் கேட்கும், அதனால் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். இவ்வளவு சிரமம் எதற்கென்றால், சேஃப் மோடில் ஆன்டிவைரஸின் டிரைவர்கள் பெரும்பாலும் ஏறுவதில்லை. தன்னைக் காத்துக்கொள்ள ஆள் இல்லாத நேரத்தில் கருவி எல்லாவற்றையும் எடுத்துவிடும். கண்ட்ரோல் பேனல் வழியை மட்டும் சாதாரண மோடிலேயே முடித்துவிட்டு வாருங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை சேஃப் மோடில் ஓடாததால் அங்கே அது தடுமாறும்.

ஒரே கணினியில் காலப்போக்கில் இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்கள் வந்து போயிருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கருவி, நடுவே ஒரு ரீஸ்டார்ட். எங்கள் கணினியில் கருவி ஓடி முடிந்து திரும்ப ஏறியதும் அந்த உயரப் பட்டியலில் டிஃபெண்டர் மட்டும் நின்றது. டிஸ்க் அடங்கியது, ஸ்கேனர் சாளரம் தட்டியதும் திறந்தது. எஸ்எஸ்டி போட்ட கணினியில் இந்த வித்தியாசம் இதே அளவு தெரியுமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என் கைக்கு வருவதெல்லாம் சுழலும் டிஸ்க்தான்.

மிச்சம்தான் அளவுகோல் என்றால் ஃபார்மட் அதிலும் தேறிவிடுகிறது. எதுவுமே மிச்சம் இருக்காது, அதை மறுக்க முடியாது. ஐஸ் கம்பெனிக் கணக்குக்கு என்று ஒரு பழைய கணினி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: “தம்பி, பேசாம பார்மட் அடிச்சு விட்ருவோமா?” கணக்கு எழுதவும் பில் அடிக்கவும் மட்டும் உள்ள கணினி என்பதால், “சரிண்ணே, நகல் எடுத்துட்டு அடிச்சிரலாம்” என்றேன். விற்கப் போகும் கணினிக்கும், வைரஸ் உண்மையிலேயே புகுந்துவிட்ட கணினிக்கும் ஃபார்மட்டே சரி.

கடைக் கணினி வேறு. ஃபார்மட் அடித்தால் கைரேகைக் கருவியை ஆதார் சேவைகளோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் மென்பொருளை மறுபடி ஏற்றி, அது இணையத்தில் பதிவாகிப் பச்சை காட்டும்வரை காத்திருக்க வேண்டும். கேனன் எல்பிபி 2900 மாதிரிப் பழைய லேசர் பிரிண்டருக்கு டிரைவரைத் தனியாகத் தேடிப் போட வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டேலி உரிமம், தமிழ் விசைப்பலகை என்று ஒவ்வொன்றாக வரும். பாமினியில் அடித்து வைத்த பழைய கல்யாணப் பத்திரிகைகள் எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவை நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒவ்வொன்றும் நினைவுக்கு வருவது வாடிக்கையாளர் வந்து நிற்கும்போதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரண விண்ணப்பத்துக்கு நகல் எடுக்க வருகிறவர்களையும், நவம்பரில் ஆயுள் சான்றிதழுக்குக் கைரேகை வைக்க வரும் ரயில்வே பென்ஷன்காரர்களையும் நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது.

விண்டோஸிலேயே இருக்கும் ரீசெட் வசதியில், ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல்கள் தங்கும், ஏற்றி வைத்த மென்பொருள்கள் போய்விடும். ஆகவே மேலே சொன்ன பாடு எல்லாம் இதிலும் உண்டு. கிளவுட் டவுன்லோடைத் தேர்ந்தெடுத்தால் 4 ஜிபிக்கு மேல் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. யுபிஎஸ் பேட்டரி தேய்ந்துபோன கடையில் மணிக்கணக்கில் ஓடும் வேலையைத் தொடங்கிப் பாதியில் நின்றால், சிபியூவைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏற வேண்டும். நீக்கும் கருவி அதைவிட மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்.

எல்லாம் எடுத்த பிறகு யார் காவல்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். டிஃபெண்டரின் வைரஸ் விவரங்கள் குறைந்தது 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்கு முறைப்படி ஏறாது என்பதால் இன்னும் கொஞ்ச காலத்துக்கு இதுதான் துணை. கடை வேலைக்கு இது போதும் என்பது என் முடிவு.

விண்டோஸ் 7-க்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். அதன் ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது. அதிலிருக்கும் டிஃபெண்டர் உளவு மென்பொருளை மட்டும் பார்க்கும் பழைய வகை, முழு ஆன்டிவைரஸ் கிடையாது. பழையதை எடுத்துவிட்டால் இணைய வயரையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அதில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம்.

சந்தா தானாகப் புதுப்பிக்கும்படி கார்டிலோ யுபிஐயிலோ அனுமதி கொடுத்திருந்தால், மென்பொருளை நீக்கியதால் அது நிற்காது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸுக்காகக் காத்திராமல், வங்கி ஆப்பிலோ யுபிஐ ஆப்பிலோ மேண்டேட் என்ற பகுதியைத் திறந்து அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.