அக்காவின் ஈரலுக்கு எழுதித் தந்த நடை

இந்த ஆவணியில் 4 வாரம் திருகோணமலையில் நின்றேன். நிலாவெளி, கன்னியா என்று போட்ட திட்டமெல்லாம் முதல் நாளே மாறிவிட்டது. அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு ஸ்கான் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். ஈரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை (கிரேட் 2).

தனியார் இடமொன்றில் எடுத்தது. ஸ்கான் சுத்தமாக, விரைவாக நடந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கிருந்த டொக்டர் சொன்னது இரண்டே வசனம்: "எண்ணெயைக் குறையுங்கோ, எக்சர்சைஸ் செய்யுங்கோ." என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், கிழமைக்கு எத்தனை நாள்? ஒன்றும் இல்லை. விற்றமின் குளிசைக்கு மட்டும் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஒழுங்காக எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இந்த நோய்க்கு முதல் மருந்தே உடற்பயிற்சிதான். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற குளிசைக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் ஈரலில் தழும்பு விழுந்தவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்து எடுக்கத்தான்.

"விடிய நாலரைக்கு எழும்பினா இரவு பத்துமட்டும் நிண்டபடிதான் வேலை. இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ், தம்பி?" என்றார் அக்கா. ஆளும் குண்டு இல்லை. நம்மவர்களுக்கு உடம்பு மெலிவாக இருந்தாலும் வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேரும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அவர் முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். பிரஷர் பார்த்தார், நெஞ்சு நோ வருவதுண்டா என்று கேட்டார். அப்புறம் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு 30 செக்கனுக்குள் கதிரையிலிருந்து எத்தனை தரம் எழும்ப முடிகிறது என்று எண்ணினார். அக்காவால் 9 தரம்தான் முடிந்தது.

பிறகு துண்டில் எழுதினார்: கிழமைக்கு 5 நாள், 30 நிமிடம் விரைவு நடை, மொத்தம் 150 நிமிடம். 2 நாள் கதிரைப் பயிற்சி, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது. "நடக்கேக்க கதைக்கலாம், ஆனா பாட ஏலாமல் இருக்கோணும். சமையல் வேலையில மூச்சு அந்தளவுக்கு ஏறாது, அக்கா." வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும், இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், ஈரலுக்கு வந்து குவியும் கொழுப்பு குறையும் என்று அக்காவுக்கு விளங்கும்படி சொன்னார். நிறை இறங்காவிட்டாலும் ஈரல் கொழுப்பு இறங்கலாமாம். பயிற்சியை விட்டால் கொழுப்பு திரும்பி வருமாம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே பிரெட்ரிக் கோட்டை வாசலில் நின்றோம். மான்கள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. கோணேசர் கோயில் ஏற்றத்தில் அக்கா இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். மூன்றாம் கிழமை நிற்காமல் ஏறினார். உள்வீதிகளில் நாய்த்தொல்லை, அதனால் தனியே வர இன்னும் பயப்படுகிறார். இப்போது பக்கத்து வீட்டு அன்ரியும் கூட வருகிறார்.

நான் வெளிக்கிடும் முன் திரும்பக் கதிரையில் எண்ணினோம்: 13. நிறை அரைக் கிலோதான் குறைந்திருந்தது. அக்காவின் முகம் வாடியது. பிசியோதெரபிஸ்ட் சொன்னதை நினைவுபடுத்தினேன். மறு ஸ்கான் மார்கழியில்.

ரொறன்ரோவில் எனக்கு இரவு எட்டு மணி என்றால் அங்கே விடிய ஐந்தரை. போன் எடுத்து, தேவாரத்தில் ஒரு வரி பாடுங்கோ என்பேன். பாதியில் மூச்சு வாங்கினால், சரி, வேகம் காணும்.