"புதிய பதிப்பு" என்று போட்டிருந்த பைத்தான் புத்தகம்: வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்க ஒரு புத்தகம் வாங்கி மூன்று வாரங்களை இழந்தேன். பணம் போனதைவிட, அந்த மூன்று வாரமும் "நமக்கு இது வராது போல" என்று நம்பிக்கொண்டிருந்ததுதான் இன்னும் வலிக்கிறது. புதிதாகத் தொடங்கும் யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இணையத்தில் வாங்கினேன். அட்டையில் "முற்றிலும் புதிய பதிப்பு", அண்மை ஆண்டு, நிறைய ஐந்து நட்சத்திர மதிப்புரைகள். சரி, இதற்குமேல் என்ன பார்க்க வேண்டும் என்று வாங்கிவிட்டேன்.

முதல் நிரலே ஓடவில்லை. திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட் கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது என்று பிழைச்செய்தி வந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து நானே போட்டுக்கொண்டு நகர்ந்தேன். அடுத்து, வயதைக் கேட்டு வாங்கி அதோடு ஒன்றைக் கூட்டும் நிரல். அதுவும் பிழை. அப்புறம் வந்ததுதான் என்னை உண்மையில் குழப்பியது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் விடை 3 என்கிறது புத்தகம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் கிடைக்கும் என்று விளக்கமும் தருகிறது. என் திரையில் 3.5. புத்தகத்தை நம்பி என் கணினியைச் சந்தேகப்பட்டேன். பைத்தானை நீக்கிவிட்டு இரண்டு முறை மறுபடி நிறுவினேன்.

அலுவலக நண்பர் ஒருவர் நான்கு பக்கம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "உங்க கணினி சரியாத்தான் சொல்லுது. இது பைத்தான் 2க்கு எழுதினது."

பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துபோனது. பிரின்ட், வகுத்தல், பயனரிடம் கேட்டு வாங்கும் இன்புட் மூன்றுமே இவ்விரண்டுக்கும் இடையில் மாறியவை. பழையதில் இன்புட்டில் எண்ணைத் தட்டினால் எண்ணாகவே வரும். புதியதில் எதைத் தட்டினாலும் எழுத்துச்சரமாகத்தான், அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துகளாகத்தான் வரும். பழைய சரக்குக்குப் புது அட்டை போட்டு விற்றிருக்கிறார்கள். இதை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று இதைவிட மோசம். நடு அத்தியாயங்களில் நிரல் வரிகள் எல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பைத்தானில் உள்தள்ளல், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி, அழகுக்காக அல்ல. எந்த வரி சுழற்சிக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) இருக்கிறது, எது வெளியே என்பதை அதுதான் சொல்கிறது. அது போய்விட்டால், தெரிந்தவர் ஊகித்துக்கொள்வார். புதியவர் என்ன செய்வார்? பயிற்சிகளுக்கு விடை வேண்டுமானால் ஓர் இணைப்புக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் கட்டண வகுப்பில் சேரச் சொல்கிறது. விற்றவர்களிடம் எழுதிக் கேட்டேன். திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி பதில்.

மதிப்புரைகளை அதன் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். புகழ்ந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வாரத்தில் வந்தவை. ஒருவர்கூட எந்த அத்தியாயம், எந்த நிரல் என்று குறிப்பிடவில்லை. இரண்டு நட்சத்திரம் கொடுத்த ஒருவர் மட்டும் "நிரல்கள் ஓடவில்லை" என்று எழுதியிருந்தார். அதை அன்றே படித்திருக்க வேண்டும்.

வாங்குமுன் மாதிரிப் பக்கங்களைத் திறந்து நிரல் உள்ள பக்கத்துக்கு நேராகப் போங்கள். பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி இருக்கிறதா, வரிகள் சரியாக உள்தள்ளியிருக்கின்றனவா என்று பாருங்கள். எந்தப் பதிப்புப் பைத்தானில் ஓட்டிப் பார்த்தார்கள் என்பதை நல்ல புத்தகம் முன்னுரையிலேயே சொல்லிவிடும். பதிப்பாளர் பிழைதிருத்தப் பட்டியல் வைத்திருக்கிறாரா என்றும் தேடுங்கள். அப்படி ஒரு பட்டியல் இருந்தால் அது குறையல்ல, அக்கறை. மாதிரிப் பக்கமே இல்லை என்றால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் அலமாரியில் வைக்காமல், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் முதல் மூன்று அத்தியாய நிரல்களையும் தட்டி ஓட்டிவிடுங்கள்.

நான் இப்போது பைத்தானின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிநூலைப் படிக்கிறேன். முற்றிலும் புதியவருக்குச் சில இடங்களில் கொஞ்சம் கடினம்தான், ஆனால் நிரல்கள் ஓடுகின்றன. அந்தப் புத்தகத்தின் கீழே, ஓடாத நிரல்களைப் பக்க எண்ணோடு குறித்து ஒரு மதிப்புரை போட்டிருக்கிறேன்.