புயல் சேதத்துக்கு வரி ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள் (ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்)

வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தரும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை நம்பி என் மச்சானுக்குப் போனது 18,720 ரூபாய். வட்டி தனி.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அதில் அவர் வீட்டுக் காம்பவுண்டு சுவரும் பின்பக்கத்து ஷீட்டும் போய்விட்டன. இன்சூரன்ஸ் கிடையாது. "இன்சூரன்ஸ் இல்லாத சேதம்னா வரியில கழிச்சுக்கலாம் சார், ரீஃபண்ட்ல 20 பர்சன்ட் மட்டும் கொடுங்க" என்றார்கள் சென்டர்காரர்கள். ஆதாரமாகக் காட்டியது அமெரிக்க வரி பற்றிய ஒரு வீடியோ! அங்கே அரசு அறிவித்த பேரிடர் என்றால் கழிவு உண்டு. அந்த ஆண்டுக்குப் பொருந்தும் நம் 1961 வருமான வரிச் சட்டத்தில் சம்பளக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. மூலதன நஷ்டமாகவும் (சொத்து கைமாறியதில் வந்த நஷ்டம்) காட்ட முடியாது. சொத்து அழிவது கைமாறுவது ஆகாது என்று 1991இலேயே வானியா சில்க் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அழிந்த சொத்தையும் கைமாறியதுபோலக் கணக்கிடும் 45(1ஏ) பிரிவும் இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் பொருந்தும். வாடகை வீட்டுக்கும் வழக்கமான 30 சதவீதக் கழிவுதான், ரிப்பேர் பில்லுக்குத் தனியாகக் கிடையாது. கடைச் சரக்கு நாசமானால் வியாபார நஷ்டமாகக் காட்டலாம். அந்தச் சரக்கை வாங்கும்போது கட்டி, பிறகு கணக்கில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) திருப்பிக் கட்டிவிட வேண்டும்.

இல்லாத கழிவுக்கு எப்படி ரீஃபண்ட் வந்தது? வீட்டுக் கடனே வாங்காதவருக்குக் கடன் வட்டி 2,00,000 என்று போட்டு, கடன் எண்ணையும் இட்டுக்கட்டியிருக்கிறார்கள். "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றதும் தெரிந்த பையன்தானே என்று சொல்லிவிட்டார். 41,600 வந்தது, 8,320 அவர்களுக்குப் போனது.

வரித்துறை மெசேஜ் வந்தபின் கேட்டால் "போர்ட்டல் பிரச்சினை, தானா சரியாகிடும்". அடுத்து "ஓனர் தர்மபுரி போயிருக்காரு". கடைசியில் "ஓடிபி சொன்னது நீங்கதானே?" இப்படியே இழுத்ததில் திருத்திய ரிட்டர்ன் போடும் கெடுவும் முடிந்தது. இனி புதுப்பித்த ரிட்டர்ன் (அந்தக் கெடு முடிந்தபின் கூடுதல் வரியோடு போடுவது) போட்டு 41,600ஐயும் வட்டியையும் கட்ட வேண்டும், அதன்மேல் கூடுதல் வரி 25 சதவீதம்: வட்டியை விட்டாலே 10,400. அந்த 8,320ஐயும் சேர்த்துத்தான் 18,720. ஒரு பைசாகூடத் திரும்பவில்லை.

ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் போகாதீர்கள். ரிட்டர்ன் பிடிஎஃப்பை வரி வரியாகப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். போர்ட்டலில் உங்கள் மொபைல் எண்ணும் மெயிலும்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதே சென்டரில் போட்டவர்கள் உடனே சரிசெய்யுங்கள், துறையே பொய்க்கணக்கு என்று முடிவு செய்தால் அபராதம் வரியில் 200 சதவீதம்.