நாற்றுமேடையில் வாங்கிய ஆறு பை வல்லாரை

யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் எங்கள் கிணற்றடியைச் சுற்றியிருக்கும் செம்பாட்டு மண் மழைக்குச் சேறாகும், வெயிலுக்குப் புழுதியாகும். சீமெந்து பூச எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஐப்பசியில் உரும்பிராய்ப் பக்கம் வீதியோர நாற்றுமேடை ஒன்றில் வல்லாரை கேட்டேன். கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "கறிக்கா அக்கா, நிலத்தை மூடவா?" என்றார். அந்தக் கேள்விக்காகவே அங்கே போகச் சொல்வேன்.

சந்தையில் கட்டாக விற்கும் நீளத் தண்டு வல்லாரை நிமிர்ந்து புதராக வளரும். மண்ணை மூடுவது சிறிய இலையோடு படரும் இனம். அதன் கொடி ஓடும்போதே கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. நறுக்கி நட்டால் ஒவ்வொரு கணுவும் தனிச் செடி. ஒரு பையைக் கவிழ்த்து வேரைக் காட்டியே இதை விளக்கினார். பை 100 ரூபாய். ஆறு பைகளையும் பிரித்து ஒரு சாண் இடைவெளியில் நட்டேன். தை பிறந்தபோது வாழையடி வரை பச்சையாகிவிட்டது.

குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு பைகளில் கோரைக் கிழங்கு இருந்தது. தாழப் படரும் வல்லாரைக்குக் கோரையை அடக்கும் வலு இல்லை. கார்த்திகை முழுவதும் குந்தியிருந்து கிழங்கோடு கிண்டி எடுத்து எனக்கு முதுகு விட்டுப்போனது. போய்ச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் இரண்டு பை புதிதாகத் தந்தார்.

வெட்டவெளியில் நடவேண்டாம் என்றும் அவர் எச்சரித்திருந்தார். ஆசையில் வேலியோரம் கொஞ்சம் நட்டேன். வைகாசியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்ததும் அது கருகிவிட்டது. வாழை நிழலில் நின்றது வாடவே இல்லை. நடமாட்டத்தையும் அது தாங்காது, அதனால் வாளி தூக்கிப்போகும் வழிக்குக் கல் பதித்தோம். பச்சையாகத் தின்னும் இலை என்பதால், சவர்க்கார நீர் படாதபடி உடுப்புத் தோய்க்கும் கல்லை மறுபக்கம் மாற்றினேன்.

இப்போது கிழமைக்கு இரண்டு தடவை சம்பல். உப்பு நீரில் நன்றாக அலசி, மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துத் தேசிக்காய் பிழிவேன். வெட்ட வெட்டத் தளிர் இன்னும் நெருக்கமாக வருகிறது.

வரும் ஐப்பசியில் பின்வளவுக்கும் அங்கேதான் வாங்குவேன். ஆனால் பை ஒவ்வொன்றையும் அவர் முன்னிலையிலேயே கிளறிப் பார்த்துத்தான் காசு கொடுப்பேன்.