'ரெடி பாபின்' பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

வீட்டில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்து ப்ளவுஸ் வேலை செய்கிறவர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நூறு பாபின் (மெஷினின் அடியில் போடுகிற, அடிநூல் சுற்றும் சின்ன உருளை), நூல் சுற்றியே வரும், பாதி வெள்ளை பாதி கறுப்பு, "எல்லா மெஷினுக்கும் செட் ஆகும், ஒவ்வொண்ணும் 100 மீட்டர்" என்று விளம்பரம். வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், அதை மெஷினில் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முகூர்த்த மாதத்தில் பாபின் சுற்றுகிற நேரம் மிச்சமாகட்டும் என்று வாங்கினேன். பணத்தை முன்கூட்டியே ஜிபேயில் போடச் சொன்னார்கள். பெட்டி சீக்கிரமே வந்தது. மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது: பளபளப்பான நூல், ஒரே வரிசையாகச் சுற்றியது.

அரக்குப் பட்டில் ஒரு கல்யாண ப்ளவுஸ். சேலையோடு வந்த ப்ளவுஸ் துணியேதான், அதனால் கெட்டுப்போனால் வேறு துணி கிடையாது. கையில் மாங்காய் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. முதல் மாங்காய் சுத்தமாக வந்தது. அடுத்ததன் ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி, அடிநூல் மேலே எட்டிப் பார்க்கிறது. மேல்நூல் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, குறைத்தேன், சரியானது. கொஞ்ச தூரம் போனதும் நேர்மாறாகிவிட்டது: மேல்நூல் மொத்தமும் அடியில் இழுபட்டு, துணி சுருங்கிப் போனது. ஊசியை மாற்றினேன், பாபின் உட்காருகிற கூட்டை, பாபின் கேஸை, துடைத்தேன். ஒரே பாபினுக்குள்ளேயே டென்ஷன் இப்படித் தாவினால் எந்தச் சக்கரத்தைத் திருப்பி என்ன பண்ணுவது?

மெக்கானிக் வந்தார். "ஹூக் டைமிங் போயிருச்சு மேடம்" என்றார், அதாவது ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கிற கொக்கியும் ஒத்து ஓடவில்லையாம். திறந்து பார்த்தார், சர்வீஸ் பணம் வாங்கிக்கொண்டு போனார். அவர் போனபிறகும் அதே கதை. பட்டில் போட்ட தையலைப் பின்பக்கமிருந்து பிளேடால் அறுத்துப் பிரிப்பது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். ஊசி போன துளை பட்டில் லேசில் மறையாது. ஓட்டை தெரிகிற இடத்தில் கல்லும் மணியும் வைத்து மூடிக் கொடுத்தேன், அந்தக் கூலியை வாங்கவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பாபினை எடுத்து முழுக்கப் பிரித்தேன். மேலே கொஞ்சம்தான் எம்ப்ராய்டரி அடிநூல், வழவழப்பான ஃபிலமென்ட் (நீள இழை) நூல். அதற்குக் கீழே ஒரு முடிச்சு. முடிச்சுக்குக் கீழே சாதாரணத் தையல் நூல், ஃபேன்சி ஸ்டோரில் கண்டாக விற்குமே, அதே தடிமன். வெளிச்சத்தில் பிடித்தால் ரோமம் ரோமமாகத் தெரிகிறது. நூலை எரித்துப் பார் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அது உதவாது. இரண்டுமே பாலியஸ்டர், இரண்டுமே உருகிக் கெட்டியான மணியாகத்தான் நிற்கும். வெளிச்சமும் விரலும்தான் வித்தியாசத்தைச் சொல்லும்.

பாபின் கேஸில் இருக்கிற தகடு நூலை அழுத்திப் பிடித்துதான் டென்ஷன் கொடுக்கிறது. மெல்லிய நூலுக்கு வைத்த அழுத்தத்தில் தடித்த நூல் வந்தால் பிடி இறுகும், மேல்நூலை அடிக்கு இழுக்கும், துணி சுருங்கும். போதாததற்கு அந்த நூலின் பஞ்சு தகட்டுக்கு அடியில் சேர்ந்துகொள்ளும். பஞ்சு சேர்ந்தால் தகடு முழுசாக அழுத்தாது, நூல் தளர்ந்து வெள்ளை மேலே வரும். மெக்கானிக் டைமிங் என்று சொன்னது இந்தக் கூத்தைத்தான்.

சொன்ன நீளமும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க நீங்கள் நூலைப் பிரித்து அளக்கவே வேண்டாம், தராசு போதும். டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எம்ப்ராய்டரி அடிநூலாக அதிகம் விற்பது 75 டெனியர் இரட்டை இழை, அதாவது 150. அப்படியானால் 100 மீட்டருக்கு சுமார் 1.67 கிராம் வரவேண்டும். தெரிந்த நகைப் பட்டறையில் கொடுத்து, நூலோடு ஒரு எடை, காலி பாபின் ஒரு எடை போட்டுக் கழித்தேன். ஒரு கிராம்கூடத் தேறவில்லை. உள்ளே இருப்பது தடித்த நூல் என்பதால் உண்மையான நீளம் இன்னும் குறைவு. கோன் (பெரிய நூல் உருளை) வாங்கும்போதும் இதே கணக்குப் போடுங்கள்: 150 டெனியரில் 5000 மீட்டர் கோன் என்றால் நூல் மட்டும் 83 கிராம் பக்கம் இருக்கணும், அடி அட்டையின் எடை தனி.

உயரத்திலும் ஏமாற்று. வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் போவது கிளாஸ் 15 வகை; பிரதர் மெஷின் கையேட்டில் 11.5 மி.மீ. உயரம் என்றே போட்டிருக்கும். கடைகளில் ஓடுகிற, ஒரே மெஷினில் பல ஊசிகள் உள்ள வகைக்கு எல் வகை, அது 9 மி.மீ. அளவு. இரண்டுக்கும் விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், 20 மி.மீ. சொச்சம். மேலிருந்து எடுத்த போட்டோவில் வித்தியாசமே தெரியாது, விற்கிறவர்கள் போடுவதும் அந்தப் போட்டோதான். என் பெட்டியில் இரண்டும் கலந்திருந்தன. குட்டையானதை நம் மெஷினில் போட்டால் உள்ளே குதித்துக்கொண்டே கிடக்கும். ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் மோசம் என்று நான் சொல்வது தொளதொளவென்று சுற்றியிருப்பதை. இது கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரல் நகத்தால் நூலின் மேல் அழுத்துங்கள். நல்ல பாபின் கட்டை மாதிரி நிற்கும். அமுங்கினால் வேண்டாம். தளர்ந்த சுற்றில் மேல் இழை கீழ் இழைக்குள் புதைந்துகொண்டு, ஓடும்போது வெட்டி வெட்டி இழுக்கும்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "அக்கா, எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, உங்க மெஷின்லதான் கோளாறு" என்றார். பிரித்த நூலை, முடிச்சோடு, போட்டோ எடுத்து அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தது, பதில் வரவில்லை. அடுத்த நாள் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பெட்டியில் பேக் செய்தவர் பெயரோ முகவரியோ அதிகபட்ச சில்லறை விலையோ எதுவும் கிடையாது. பேக் செய்து விற்கிற பொருளில் இதெல்லாம் போடவேண்டும் என்று பேக் செய்த பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளே சொல்கின்றன. இது இல்லாத பெட்டியைக் கையில் வாங்காமலே திருப்புங்கள்.

சுற்றி வருகிற பாபின் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. பெரிய நூல் கம்பெனிகள் பெட்டிக்கு 144 என்று போடுகிற எல் வகை பாபின்கள் நன்றாகவே ஓடும், பல ஊசி மெஷின்காரர்கள் அதில்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். நம் வீட்டு மெஷினுக்கு, நம் கையால் சுற்றியதுதான் நிம்மதி.

சுற்றும்போது நூல் மெஷினின் மேலே இருக்கிற அந்தச் சின்ன டென்ஷன் தட்டுக்கு நடுவில் போயிருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். வெளியே நழுவியிருந்தால் பாபின் தொளதொளதான். வேகம் நடுத்தரமாக இருக்கட்டும். முழு வேகத்தில் சுற்றினால் பாலியஸ்டர் நூல் இழுபட்டு நீளும், தைத்தபிறகு பழைய நிலைக்குச் சுருங்கும், அதோடு துணியும் சுருங்கும். மிச்ச நூலின் மேலேயே சுற்றாதீர்கள், காலி செய்துவிட்டுச் சுற்றுங்கள். விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். தொடக்க நூலின் வாலை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கேஸுக்குள் சிக்கும். ஆன்லைனில் மலிவாக வருகிற தனி மோட்டார் பாபின் வைண்டர்கள் பலவற்றில் டென்ஷன் பிடிமானம் சரியாக இல்லை. வாங்கினால் முதல் பாபினை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புது பாபின் போட்டதும் கழிவுத் துணியில் ஒரு சாட்டின் கோடு (நெருக்கமான பட்டைத் தையல்) ஓட்டிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு அடிநூலும் இரு ஓரமும் மேல்நூலும் தெரிந்தால் பட்டில் கை வைக்கலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் போன ஸ்கிரீன்ஷாட்டோடு. அதே பெட்டி இப்போது வேறு பெயரில் வேறு குழுவில் ஓடுவதாக ஒரு தோழி சொன்னார். மூடி நீலம், உள்ளே நான்கு அடுக்கு, பெட்டியில் எழுத்தே இருக்காது. வாங்கியவர்கள் பில், பெட்டி, ஒரு முழு பாபின் மூன்றையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். எனக்குப் பதில் ஏதாவது வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.