சக்ரா பெட்ச் போல்ட் இடாலிக்: மூலை சீவிய எழுத்துரு

ரோபோ வண்டிப் பந்தயம் ஒன்றுக்கு 8 அடி அகலத்தில் ஃப்ளெக்ஸ் வடிவமைக்க வேண்டியிருந்தபோது, இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸில் தேடி எடுத்தது இந்த எழுத்துரு. பாங்காக்கைச் சேர்ந்த காட்சன் டெமாக் நிறுவனம் தாய்லாந்து எழுத்துக்கும் ஆங்கிலம் எழுதும் லத்தீன் எழுத்துக்கும் சேர்த்து உருவாக்கிய எழுத்துருக் குடும்பம் இது. பெயரில் உள்ள சக்ரா நமக்குத் தெரிந்த சக்கரம்தான். பெட்ச் என்றால் அந்நாட்டு மொழியில் வைரம். பட்டை தீட்டியதுபோல மூலைகள் சீவப்பட்ட எழுத்துகளுக்குப் பொருத்தமான பெயர்.

ஆங்கில 'ஓ' எழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியது சதுரத்தை ஒட்டி நிற்கிறது. மூலைகளோ உளி வைத்துச் செதுக்கியவைபோல் இருக்கின்றன. நிமிர்ந்த வடிவில் இந்தச் செதுக்கல் கருவிப் பலகையை நினைவூட்டுகிறது. அதையே கனமாக்கிச் சாய்த்ததும் (அதுதான் போல்ட் இடாலிக்), பந்தய வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிய எண்ணைப் போல எழுத்து முன்னே பாய்கிறது. வேகக் கோடுகள், தீப்பொறி என்று வேறு எதையும் சேர்க்கத் தேவைப்படவில்லை. சாய்வு வடிவம் தனிக் கோப்பாகவே கிடைப்பதால், மென்பொருள் தானாகச் சாய்த்துத் தரும் கோணலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் பெரிய அளவில்தான். 12 பிக்சலுக்கு இறக்கினால் மூலைச் செதுக்கல் கண்ணுக்குத் தெரியாமல் போய், சற்று விறைப்பான சதுர எழுத்து மட்டுமே மிஞ்சுகிறது. பத்தி பத்தியாக இதில் படிக்க வைப்பது வாசகருக்குச் செய்யும் கொடுமை. எழுத்தின் தடிமனைக் குறிக்கும் கன எண்ணும் 700-உடன் நின்றுவிடுகிறது. தொலைவிலிருந்து அறைய வேண்டிய தலைப்பு என்றால், இதே நிறுவனத்தின் கனிட் குடும்பத்தில் உள்ள 900 கன சாய்வெழுத்து மேல். (கனிட் என்பது கணிதம்தான், தாய்லாந்துக்காரர்கள் பெயர் வைக்கும்போது நமக்கு அகராதியே வேண்டாம்.) ஆனால் கனிட்டின் வளைவுகள் மென்மையானவை, இதன் கூர்மை அதில் இல்லை.

விலை கிடையாது. திறந்த உரிமத்தில் வருவதால் அச்சு, செயலி, விற்பனைப் பொருள் என எதிலும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது.

தமிழ் எழுத்து இதில் இல்லை என்பதுதான் நமக்குப் பெரிய குறை. முதல் ஃப்ளெக்ஸில், ஆங்கிலத் தலைப்புக்குக் கீழே வந்த தமிழ் வரியையும் அதே கோணத்துக்கு நானே இழுத்துச் சாய்த்தேன். 'ண'கரச் சுழிகள் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்தன. 'நி'யின் கொக்கி பக்கத்து எழுத்தின் மேல் போய் விழுந்தது. அச்சாகி வந்ததைக் கட்ட மனம் வரவில்லை. மறுபடி அடித்தபோது தமிழ் வரியை நிமிர்த்தி, கட்டுமரத்தின் பெயரைக் கொண்ட கேட்டமரன் எழுத்துருவின் கனமான வடிவில் அமைத்தேன். சாய்ந்து ஓடும் வேலையை ஆங்கிலத் தலைப்பே பார்த்துக்கொண்டது.